பின்பக்கம்

கல்லடியில், வாவியோரம், எட்டுக் கடைகள்.
டயர்க்கடையில் தொடங்கி ஐஸ்வாடியில் முடியும் வரிசை.
மூன்று கிழமை குனிந்திருந்து வெட்டினேன்,
ஆஸ்பத்திரித் தரைக்கு விரித்து மிஞ்சிய லினோலியத்தில்.
கொந்தராத்துக்காரர் அடிக்கு எழுபது கேட்டார்,
அறுபதுக்குத் தந்தார்.

முதல் தாளை உரித்தெடுத்தபோது
ஐஸ்வாடி இடப்பக்கம் நின்றது.

எழுத்துகளையெல்லாம் கண்ணாடி பிடித்துத்
திருப்பித்தான் போட்டிருந்தேன்.
சலூன் சலூனாகவே வந்தது,
லூவன்னாவின் சுழி கூடப் பிசகவில்லை.
கடைகளைத் திருப்ப மறந்துபோனேன்.

என்னுடைய பிரஸ்
ஒரு காலத்தில் கரும்பு பிழிந்தது.
காத்தான்குடி நௌபீல் உருளைகளைக் கடைந்து மட்டமாக்கி
பஸ் ஸ்டியரிங் ஒன்றைக் கைபிடிக்குப் பூட்டித் தந்தார்.
எத்தனை தரம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தாலும்
எறும்பு இன்னும் வருகிறது.

பன்னிரண்டு தாள். அதற்குமேல் இல்லை.
பென்சிலால் இலக்கம், பென்சிலால் பெயர்.
மறுகா கட்டையின் குறுக்கே ஒரு கீறல்.
இதைச் சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள்:
இன்னும் நூறு அடிக்கலாமே, மை கிடக்குத்தானே.
மை கிடக்கு.
பதின்மூன்றாவது தாளில்
என் கை யோசிக்காமல் ஓடத் தொடங்கும்,
அது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

பெரிய கொள்கைக்காரி இல்லை நான்.
பாசிக்குடா ஹோட்டல்காரருக்கு
ஐம்பது மீன்மகள் அடித்துக் கொடுத்தேன்,
பாடுகிற வாய், நீல நிறம்.
துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில்
காதை வைத்துப் பார்த்தவள்தான் நானும்,
எனக்குக் கேட்டது பக்கத்துப் படகின் எஞ்சின்.
மீன்மகள் காசில்தான் இந்தத் தாள் வந்தது,
கொழும்பு பஸ்சில், பிவிசி குழாய்க்குள் சுருண்டு.

கச்சான் அடிக்கும் மாதங்களில்
மை பலகையிலேயே தோல் கட்டும்.
இது மாரி. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட தாள்
நாலாம் நாளும் விரலில் ஒட்டுகிறது.
அப்படித் தொங்கின பன்னிரண்டு பிழைகளின் கீழே
நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

தோணிக்குள் விரிக்க லினோத் துண்டு கேட்டு
அலோசியஸ் வந்தான்.
தலையை ஒருக்களித்துப் பார்த்தான்.
'இது தோணியில இருந்து பாத்த மாதிரிக் கிடக்கு கா.'
சரிதான். வாவிக்குள் நின்றால்
ஐஸ்வாடி இடது, டயர்க்கடை வலது.
ஒரு கவளம் நிம்மதியாய் இறங்கியது.
அவன் இன்னும் பார்த்துக்கொண்டே நின்றான்.
'அப்ப கக்கூசுகள் எங்க?'

அடுத்த நாள் அவன் தோணியில் போனேன்.
எட்டுக் கடைகளுக்கும் ஒரு கதவுகூட இந்தப் பக்கம் இல்லை.
தகரம். சலூனின் குழாயிலிருந்து
மயிரும் நுரையும் தண்ணீரில்.
மூடி இல்லாத ஐஸ்பெட்டிக்குள் ஒரு கோழி அடைகாத்தது.
மருந்துக்கடைப் பொடியன் பின்படியில் குந்தி
யாருக்கோ அழுதழுது போன் பேசினான்,
எங்களைக் கண்டதும் முகத்தைத் துடைத்தான்.

இரண்டாவது கட்டை வெட்டினேன்.
மீன்மகளில் மிஞ்சிய நீலத்தோடு வெள்ளையும்
கொஞ்சம் கறுப்பும் குழைத்து
ஒரு சாம்பல் நிறம்.
மூலைக்கு ஒரு குண்டூசி குத்தி,
அதே பன்னிரண்டு தாளின்மேல்,
பெயர்ப்பலகைகளின்மேல் குழாயும் தகரமுமாய்
பின்பக்கத்தை முன்பக்கத்தில் அழுத்தினேன்.
நாலு தாளில் இரண்டு மில்லிமீற்றர் விலகியது.
கோழி மருந்துக்கடைக்குள் போய்விட்டது.
அவற்றுக்கும் இலக்கம் போட்டேன்.
பொடியனை வெட்டவில்லை. படியை மட்டும் வெட்டினேன்.

விலை நாலாயிரத்து ஐந்நூறு என்றதும்
அலோசியஸ் வாய்விட்டுச் சிரித்தான்.
கீறவேண்டிய கட்டை இரண்டையும்
கீறாமல் அவனிடமே கொடுத்தேன்.
தோணியின் அடியில் விரித்து
அதன்மேல்தான் இப்போது மீன் கொட்டுகிறான்.

வெட்டுக்குள்ள செதில் போய் இறுகுது,
கழுவ ஏலாமக் கிடக்கு என்று
நேற்று வந்து முறைப்பட்டான்.